திறந்த இணைப்பில் ஓடுகிறது, மறையாக்கியதில் நிற்கிறது: சொக்கெட் தெரிவுகளை அறிகுறி பார்த்துச் சோதிக்கும் வழிமுறை

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளமொன்றின் கட்டில் ஒரு சிறு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே ராஸ்பெரி பை, நீர்மட்ட உணரி, 4ஜி டொங்கிள், மின்கலம். வெளியே சூரியத் தகடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சில நூறு பைட் அளவீட்டைத் தொலைவிலுள்ள சேர்வருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. கிளிநொச்சியில் மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது பிசகில்லாமல் ஓடும். கட்டில் பொருத்திய மூன்றாம் நாள் பேச்சே இருக்காது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டதைப் போன்ற இரவு ஒன்றில்தான் அந்த அளவீடு உண்மையில் வேண்டும். மழையும் அன்றுதான் கொட்டும், சிக்னலும் அன்றுதான் தள்ளாடும். ஆகவே இணைப்பு அறுந்தால் பெட்டி என்ன செய்யும் என்பதை வெயில் காலத்திலேயே, வேண்டுமென்றே அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீழே வரும் வழிமுறை லினக்ஸ், பைதனில் வலைக்கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், அதையே கட்டளை வரியில் செய்யும் கேர்ள் ஆகியவற்றை வைத்து எழுதப்பட்டது. கட்டளைகளும் தெரிவுப் பெயர்களும் ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சொக்கெட் என்பது வலை இணைப்பில் நிரல் பிடித்திருக்கும் முனை; அதன் நடத்தையை மாற்றும் அமைப்புகளே சொக்கெட் தெரிவுகள். அவை எல்லாம் கேர்னலுக்குள் (இயங்குதளத்தின் கருவுக்குள்), தரவைப் பக்கெட்டுகளாக ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் டிசிபி மட்டத்திலோ அதற்குக் கீழோ இருப்பவை. மறையாக்கத்தைச் செய்யும் டிஎல்எஸ் அதற்கு மேலே ஓடுவது. கீழே போட்ட தெரிவை அது தொடுவதில்லை. அப்படியிருக்க 80ஆம் போர்ட்டில் (திறந்த எச்டிடிபி) சரியாக நடப்பது 443இல் (மறையாக்கிய எச்டிடிபிஎஸ்) நடக்கவில்லை என்றால், நிரல் வேறு வழியால் போய் அந்தத் தெரிவைப் போடாமலே விட்டிருக்கும், அல்லது பக்கெட்டுகளின் பருமனும் எண்ணிக்கையும் மாறியிருக்கும், அல்லது டிஎல்எஸ் நூலகம் இடையில் தரவைப் பிடித்து வைத்திருக்கும். மறையாக்கம் தெரிவைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல இடமே இல்லை. தேடலை இந்த மூன்றுக்குள் வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

சோதனைக்கு முன்

ஒரே சேர்வரில் ஒரே கோப்பை 80இலும் 443இலும் கொடுங்கள். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேர்வர் மென்பொருள் இதற்குப் போதும். கோப்பு இரண்டு வேண்டும்: ஒன்று 200 பைட், மற்றது 20 கிலோபைட். ஏன் இரண்டு என்பது ஹேண்ட்ஷேக் பற்றிய பகுதியில் தெரியும். 80இலிருந்து 443க்கு 301 கொடுத்துத் திருப்பிவிடும் அமைப்பு இருந்தால் சோதனை முகவரிக்கு மட்டும் அதை நிறுத்துங்கள். இது தவறினால் திறந்த கோரிக்கையைச் சோதிப்பதாக நினைத்து மறையாக்கியதையே இரண்டு முறை சோதித்துக்கொண்டிருப்பீர்கள். மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

பார்ப்பதற்கு மூன்று கருவிகள். முதலாவது, நிரல் கேர்னலை அழைப்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ். "எஸ்ட்ரேஸ் -எஃப் -ஈ ட்ரேஸ்=செட்சாக்ஆப்ட்,பைண்ட்,கனெக்ட்,குளோஸ்" என்று முன்னால் வைத்து நிரலை ஓட்டினால், எந்தத் தெரிவு, என்ன மதிப்பு, கனெக்ட்டுக்கு முன்பா பின்பா, கேர்னல் 0 (சரி) சொன்னதா -1 (பிழை) சொன்னதா என்பதெல்லாம் வரிவரியாக வரும். சில நூலகங்கள் -1 கிடைத்தாலும் வாய் திறப்பதில்லை. அதனால் நிரலின் லொக் கோப்பை நம்பிப் பயனில்லை.

இரண்டாவது, எஸ்எஸ். "எஸ்எஸ் -டிஎன்ஓஐஎம்" உயிரோடிருக்கும் இணைப்பைக் காட்டும். கீப்அலைவ் (சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று கேர்னல் பார்க்கும் சோதனை) ஓடிக்கொண்டிருந்தால் "டைமர்:(கீப்அலைவ்,44செக்,0)" என்பது போல ஒரு துண்டு தெரியும். எம்எஸ்எஸ் (ஒரு பக்கெட்டில் போகக்கூடிய உச்சத் தரவு) மதிப்பும் பஃபர் அளவும் இதிலேயே இருக்கும்.

மூன்றாவது, கேர்ள். "-டபிள்யூ" கொடுத்து டைம்_கனெக்ட், டைம்_அப்கனெக்ட், டைம்_ஸ்டார்ட்ட்ரான்ஸ்ஃபர் என்ற மூன்று நேரங்களையும் அச்சிடுங்கள். நடுவில் உள்ளது டிஎல்எஸ் முடிந்த நேரம். திறந்த கோரிக்கையில் அது 0 ஆகவே இருக்கும்.

இணைப்பை அறுப்பதற்கு டொங்கிளைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வழியே இல்லையென்று கேர்னலுக்குத் தெரிந்து புதுக் கோரிக்கை அந்தக் கணமே பிழையோடு திரும்பும். களத்தில் அப்படி நடப்பதில்லை. இன்டர்ஃபேஸ் எழுந்தே நிற்கும், பக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகும். அதைப் போலச் செய்ய, சேர்வரிலிருந்து வரும் பதில்களை மட்டும் விழுங்குமாறு லினக்ஸின் பக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸுக்குச் சொல்லுங்கள்: "ஐபிடேபிள்ஸ் -ஏ இன்புட் -பி டிசிபி -எஸ் சேர்வர்முகவரி --எஸ்போர்ட் 443 -ஜே ட்ரொப்". அவுட்புட் பக்கம் போட்டால், பக்கெட் தன் வீட்டுக்குள்ளேயே விழுந்ததை டிசிபி அறிந்துகொண்டு மீள அனுப்பும் இடைவெளியை வேறுவிதமாகக் கணிக்கும், அளவு பிசகும். போர்ட்டைக் குறிப்பிட்டுப் போடுவதால் நீங்கள் தொலைவிலிருந்து கட்டளை தட்டும் எஸ்எஸ்எச் இணைப்பு அறாது. அப்படியும், விதியைப் போடும் முன் "சிலீப் 600" முடிந்ததும் அதை நீக்கும் கட்டளையைப் பின்னணியில் ஓடவிடுங்கள். விதியை எடுப்பதற்காக மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பாதையில் ஒருவர் போய்வர வேண்டிய நிலை வரக்கூடாது.

அறிகுறி: தெரிவு 80இல் தெரிகிறது, 443இல் தெரியவில்லை

எஸ்ட்ரேஸில் முதல் ஓட்டத்தில் தெரிவைப் போடும் செட்சாக்ஆப்ட் வரி இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. நிரல் அந்த வழியால் போகவில்லை, அவ்வளவுதான்.

ரிக்வெஸ்ட்ஸில் தெரிவுகளைக் கொடுப்பதற்கு எச்டிடிபிஅடாப்டரை நீட்டி, இனிட்_பூல்மனேஜருக்குள் சொக்கெட்_ஒப்ஷன்ஸ் பட்டியலைக் கொடுப்பது வழக்கம். அந்த அடாப்டரை செஷனில் மவுண்ட் செய்யும்போது எச்டிடிபி முன்னொட்டுக்கு ஒன்று, எச்டிடிபிஎஸ் முன்னொட்டுக்கு ஒன்று என இரண்டு தடவை செய்ய வேண்டும். ஒன்றை மறந்தால் மற்றது பழைய அடாப்டரிலேயே ஓடும். பிழைச்செய்தி எதுவும் வராது. மேலும், நீளமான முன்னொட்டுக்குத்தான் முதலிடம். வேறொருவர் சேர்வரின் முழு முகவரிக்கு ஓர் அடாப்டரை முன்பே மவுண்ட் செய்திருந்தால் உங்களுடையது தொடப்படாது.

அதுவும் சரியென்றால் ப்ரொக்ஸியை, அதாவது இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் சேர்வரைப் பாருங்கள். ப்ரொக்ஸி வழியாகப் போகும் கோரிக்கைக்கு இனிட்_பூல்மனேஜர் பயன்படுவதில்லை. ப்ரொக்ஸி_மனேஜர்_ஃபோர் என்ற தனிச் செயல்கூறு இருக்கிறது. பட்டியலை அங்கும் கொடுக்க வேண்டும். "என்வ்" என்று தட்டி எச்டிடிபி_ப்ரொக்ஸி, எச்டிடிபிஎஸ்_ப்ரொக்ஸி இரண்டையும் பாருங்கள். பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ திணைக்களத்து வலையமைப்பிலோ அமைத்த கணினியில் இவற்றுள் ஒன்று மட்டும் போடப்பட்டிருப்பது சாதாரணம். ரிக்வெஸ்ட்ஸ் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். திறந்தது நேரே போகும், மறையாக்கியது சுற்றிப் போகும். ப்ரொக்ஸி இருக்கும்போது நீங்கள் போடும் கீப்அலைவ் ப்ரொக்ஸி வரைக்கும்தான் என்பதையும் மறக்கவேண்டாம். அதற்கு அப்பாலுள்ள துண்டில் உங்கள் தெரிவுக்கு வேலையில்லை.

பட்டியலைக் கொடுக்கும்போது இன்னொரு பொறி. ரிக்வெஸ்ட்ஸின் அடியில் ஓடும் யூஆர்எல்லிப்3 நூலகம், சிறு துண்டுகளைத் தாமதிக்காமல் அனுப்பச் சொல்லும் டிசிபி_நோடிலேயைத் தானாகப் போட்டு வைத்திருக்கிறது. நீங்கள் கொடுக்கும் பட்டியல் அதோடு சேராது, அதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். ஆகவே டிஃபோல்ட்_சொக்கெட்_ஒப்ஷன்ஸை எடுத்து அதன் பின்னால் உங்களுடையவற்றை ஒட்டுங்கள். மறந்தால் கீப்அலைவ் கிடைக்கும், நோடிலே போய்விடும். அனுப்பும் ஒவ்வொரு அளவீடும் கொஞ்சம் பிந்தும். ஏன் என்று கண்டுபிடிக்க நாட்கள் போகும். தலைப்பும் உடலும் தனித்தனியாக எழுதப்படும்போது, முதல் துண்டுக்கு ஏசிகே (கிடைத்தது என்ற பதில்) வரும்வரை இரண்டாம் துண்டை நேகிளின் விதி நிறுத்தி வைக்கும். எதிர்ப்பக்கம் ஏசிகேயைத் தாமதித்து அனுப்பும் என்பதால், லினக்ஸ் சேர்வரென்றால் 40 மில்லிசெக்கன் அளவு இதிலேயே போகும், பாதையின் நேரம் வேறு.

தெரிவுகள் சொக்கெட் உருவாகும் கணத்தில்தான் போடப்படுகின்றன. மறுபடி பயன்படுத்த நூலகம் வைத்திருக்கும் பூலில் ஏற்கனவே உயிரோடிருக்கும் இணைப்பைப் புதுப் பட்டியல் தொடாது. ஒவ்வொரு சோதனைக்கும் புதிய ப்ரொசெஸ் தொடங்குங்கள்.

அறிகுறி: டிசிபி இணைகிறது, டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் தொங்குகிறது

டைம்_கனெக்ட் வருகிறது. டைம்_அப்கனெக்ட் வருவதேயில்லை; மறையாக்கத்தைத் தொடங்க இரு முனையும் பேசிக்கொள்ளும் ஹேண்ட்ஷேக் முடியவில்லை. அதே சேர்வரின் 200 பைட் கோப்பு 80இல் உடனே இறங்குகிறது. பார்ப்பவர் உடனே சான்றிதழையோ 443ஐ யாரோ மறித்ததையோதான் சந்தேகிப்பார். இப்போது 20 கிலோபைட் கோப்பை 80இல் கேட்டுப் பாருங்கள். அதுவும் பாதியில் நின்றால் குற்றம் மறையாக்கத்தில் இல்லை, பாதையின் எம்டியூவில் (ஒரு பக்கெட்டின் உச்சப் பருமனில்).

காரணம் இப்படி. திறந்த சிறு கோரிக்கை போகவும் வரவும் ஒவ்வொரு சின்னப் பக்கெட் போதும். டிஎல்எஸ்ஸில் சேர்வர் தன் சான்றிதழ்ச் சங்கிலியை அனுப்புகிறது. அது சாதாரணமாகச் சில கிலோபைட், ஆகவே 1,500 பைட் நிரம்பிய பக்கெட்டுகளாக வரும். நடுவில் பக்கெட்டை இன்னொரு பக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் டனல் ஏதாவது இருந்து அங்கே 1,500 கொள்ளாவிட்டால், "பெரிதாய் இருக்கிறது, சிறிதாக்கு" என்ற ஐசிஎம்பி செய்தி அனுப்பியவருக்குப் போகவேண்டும். அந்தச் செய்தியை வழியில் யாராவது வடிகட்டியிருந்தால் சேர்வர் அதே பெரிய பக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். உங்கள் பக்கம் ஒன்றும் வராது. போகிற பக்கத்திலும் இது இப்போது கூடுகிறது: குவாண்டம் கணினியைத் தாங்கும் புதிய சாவிப் பரிமாற்றம் இயக்கப்பட்ட மென்பொருளில், ஹேண்ட்ஷேக்கைத் தொடங்க நம் பக்கம் அனுப்பும் கிளையன்ட்ஹலோ தனியே 1,216 பைட் சாவிப் பகுதியைச் சுமக்கிறது. மற்றவற்றோடு சேர்ந்து அது ஒரு பக்கெட்டுக்குள் அடங்காமல் போகலாம்.

இதை உறுதிசெய்வதற்கு சொக்கெட் தெரிவே நல்ல கருவி. எம்எஸ்எஸ்ஸைக் குறைக்கும் டிசிபி_மக்ஸ்செக்கை, கனெக்ட்டுக்கு முன், 1200 ஆக வைத்து மறுபடி முயலுங்கள். முன் என்பது முக்கியம். இணைப்பைத் தொடங்கும் சின் பக்கெட்டில்தான் இந்த அளவு மறுமுனைக்குச் சொல்லப்படுகிறது. ஹேண்ட்ஷேக் இப்போது முடிந்தால் எம்டியூதான் குற்றவாளி. "பிங் -எம் டூ -எஸ் 1472" என்பதும் உதவும், 1,472உடன் 28 தலைப்பு சேர்ந்து 1,500. ஆனால் பிங்கை மறிக்கும் சேர்வர்கள் பல இருப்பதால் மக்ஸ்செக் சோதனையே நம்பத்தக்கது.

திருத்தத்தை நிரலுக்குள் புதைக்கவேண்டாம். ஒவ்வொரு நிரலாகத் தேடிப் போடுவதைவிட, இன்டர்ஃபேஸின் எம்டியூவை 1,400 போல இறக்கி வைப்பது எல்லா நிரலுக்கும் ஒன்றாகப் பொருந்தும். பெட்டி வேறு கணினிகளுக்கும் இணைப்புப் பகிர்ந்தால் ஐபிடேபிள்ஸில் எம்எஸ்எஸ்ஸைக் குறைத்து எழுதும் கிளாம்ப் விதி போடுங்கள்.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் மறையாக்கியது மட்டும் பிழை

சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற பொருளில் பிழை வந்தால் சொக்கெட் தெரிவுகளை விட்டு "டேட்" என்று தட்டுங்கள். ராஸ்பெரி பை 4உம் அதற்கு முந்தியவையும் மின்சாரம் போனால் நேரத்தைக் காத்துவைக்காது. பை 5இல் கடிகாரம் உண்டு, அதற்கும் தனி மின்கலம் செருகினால்தான். மின்கலம் வற்றி இரண்டு நாள் அணைந்து கிடந்து எழும்பிய பெட்டி, பழைய திகதியிலிருந்து தொடங்கும். சான்றிதழ் அந்த இடைவெளியில் புதுப்பிக்கப்பட்டிருந்தால் பெட்டியின் கணக்கில் அது நாளைக்குரியது. டிஎஸ்3231 கடிகாரத் தொகுதி ஒன்றை ஐ2சியில் பொருத்துங்கள், அல்லது நேரம் ஒத்தியைந்த பின்பே அனுப்பும் சேவை தொடங்குமாறு, சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டியில் வரிசை வையுங்கள். சான்றிதழைச் சரிபார்க்காதே என்று சொல்லும் வெரிஃபை=ஃபோல்ஸ் போட்டு இந்தப் பிழையை மூடிவிடாதீர்கள். வான்கதவு பற்றிய முடிவுக்குப் போகும் எண் அது. வழியில் யாரும் அதை மாற்றவில்லை என்ற உறுதி வேண்டும்.

அறிகுறி: சும்மா இருந்துவிட்டு அடுத்த கோரிக்கை தொங்குகிறது

களத்தில் அதிகம் வாட்டுவது இது. முதல் கோரிக்கை நன்றாகப் போகிறது. ஐந்து நிமிடம் கழித்துப் போகும் இரண்டாவது நிற்கிறது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, கடைசியில் டைம்அவுட்.

4ஜி சிம்மில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பொது முகவரி அல்ல. 100.64 இல் தொடங்கும் முகவரி தெரிந்தால் வழங்குநரின் என்ஏடிக்குள் (பலருக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாட்டுக்குள்) இருக்கிறீர்கள். தன்னை ரவுட்டராகக் காட்டும் டொங்கிளென்றால் 192.168.8 இல் தொடங்கும் முகவரி ஒன்றைக் கொடுத்து இன்னொரு என்ஏடியைச் சேர்க்கும். என்ஏடி ஒவ்வொன்றும் சும்மா கிடக்கும் இணைப்பின் பதிவைச் சில நேரத்தில் அழித்துவிடும். நிறுவப்பட்ட டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் அழிக்கக்கூடாது என்று ஆர்எஃப்சி 5382 என்ற இணைய ஆவணம் கேட்கிறது. களத்தில் அதற்கு வெகு முன்பே அழிக்கும் என்ஏடிகளும் உண்டு. அழித்ததை இரு முனைக்கும் சொல்வதில்லை. பை பக்கம் எஸ்எஸ்ஸில் பார்த்தால் இணைப்பு "எஸ்டாப்" (நிறுவப்பட்டது) என்றே நிற்கும்.

லினக்ஸின் இயல்பான கீப்அலைவ் இங்கு உதவாது. எஸ்ஓ_கீப்அலைவை மட்டும் 1 ஆக்கினால் முதல் சோதனைப் பக்கெட் 7,200 செக்கன் கழித்துத்தான் போகும். அதன்பின் 75 செக்கன் இடைவெளியில் 9 தடவை. செத்த இணைப்பை உணர மொத்தம் 7,875 செக்கன், இரண்டு மணிக்கும் மேல். ஆகவே மூன்று எண்களையும் சேர்த்துப் போடுங்கள்: டிசிபி_கீப்ஐடில் (முதல் சோதனை வரை) 45, டிசிபி_கீப்இன்ட்விஎல் (இடைவெளி) 15, டிசிபி_கீப்சிஎன்டி (தடவைகள்) 4. உணரும் நேரம் 45 + 15 × 4 = 105 செக்கன்.

போட்டதும் சரிபார்க்கும் முறை:

1. 80இல் ஓர் இணைப்பைத் திறந்து மூடாமல் வையுங்கள். எஸ்எஸ்ஸில் டைமர் 45இலிருந்து இறங்குகிறதா பாருங்கள். 7,200ஐ நிமிடக்கணக்கில் காட்டினால் கீப்ஐடில் போய்ச் சேரவில்லை.
2. 443இல் அதையே செய்யுங்கள். டைமர் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.
3. மேலே சொன்ன ட்ரொப் விதியைப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஏறத்தாழ 105 செக்கனில் இணைப்பு எஸ்எஸ்ஸிலிருந்து மறைய வேண்டும்.
4. விதியை எடுத்துவிட்டு இணைப்பைப் புதிதாகத் திறந்து வையுங்கள். இம்முறை விதியை மறுபடி போட்ட அடுத்த கணம் அதே இணைப்பில் கோரிக்கை ஒன்றை அனுப்புங்கள்.

நான்காவதில்தான் பலர் வியப்படைவார்கள். 105 செக்கன் கடந்தும் இணைப்பு அறாது. அனுப்பிய தரவுக்கு ஏசிகே வராமலிருக்கும்போது கீப்அலைவ் ஓடுவதில்லை. மீள அனுப்பும் டைமர்தான் ஓடும். அதன் எல்லை டிசிபி_ரிட்ரைஸ்2. இயல்பு மதிப்பு 15, நேரமாகப் பார்த்தால் குறைந்தது 924 செக்கன், கால் மணிக்கும் அதிகம். இதைக் குறைக்கவே டிசிபி_யூசர்_டைம்அவுட் இருக்கிறது, மதிப்பு மில்லிசெக்கனில்.

ஆனால் அதைக் கண்டபடி குறைக்காதீர்கள். கீப்அலைவோடு சேர்த்துப் போட்டால் கீப்சிஎன்டியை அது மேவிவிடும். 30000 என்று வைத்தீர்களென்றால், 45ஆம் செக்கனில் ஒரு சோதனைப் பக்கெட் போகும். அதற்குப் பதில் வராவிட்டால் 60ஆம் செக்கனில் கேர்னல் கணக்குப் பார்த்து, 30 செக்கன் எப்போதோ கடந்துவிட்டதென்று இணைப்பை வெட்டிவிடும். நான்கு தடவை முயலச் சொன்னீர்கள், ஒரே ஒரு பக்கெட் தொலைந்ததற்கே வெட்டு. மழைநாளில் ஒரு பக்கெட் தொலைவது பெரிய விஷயமில்லை. மொத்த நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, 100000 என்று வையுங்கள்; நான்கு முயற்சியும் நடக்கும். அதைவிட விரைவாகக் கைவிட வேண்டுமானால் நிரலின் ரீட் டைம்அவுட்டை 20 செக்கன் வைத்துக்கொள்ளுங்கள். கேர்னலின் எல்லை அதற்குப் பின்னால் நிற்கும் காவல்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு தெளிவான கருத்து. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் பெட்டிக்கு இணைப்பைத் திறந்து வைப்பதே வேண்டாத வேலை. என்ஜின்எக்ஸ் இயல்பாக 75 செக்கன் சும்மா கிடந்த எச்டிடிபி இணைப்பைத் தானே மூடிவிடும். அப்பாச்சி 5 செக்கனில். டிசிபி கீப்அலைவ் பக்கெட்டுகள் கேர்னல்களுக்கு இடையிலேயே முடிந்துவிடுவதால் அந்தக் கணக்கைச் சேர்வர் நிரல் மாற்றாது. எச்டிடிபி கீப்அலைவும் (அடுத்த கோரிக்கைக்காக இணைப்பை மூடாமல் வைப்பது) டிசிபி கீப்அலைவும் பெயரில் மட்டும் உறவு. செலவைக் கணக்கிட்டாலும் பயப்படத் தேவையில்லை: ஒரு முழு ஹேண்ட்ஷேக்குக்கு 5 கிலோபைட் என்று வைத்தால் நாளுக்கு 288 தடவை, சுமார் 1.4 மெகாபைட். மாதம் 43. கீப்அலைவை 45 செக்கனுக்கு ஒருமுறை ஓடவிட்டால் நாளுக்கு 1,920 தடவை, போக வர 104 பைட்டாக 200 கிலோபைட்தான், உண்மை. ஆனால் டொங்கிளின் ரேடியோவை இரவுபகலாக எழுப்பிக்கொண்டே இருக்கும். மாரியில் சூரியத் தகடு பாதிகூடத் தராத நாட்களில் மின்கலம்தான் முதலில் விழும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் திற, அனுப்பு, மூடு. மேலே சொன்ன தெரிவுகளை, பதிலுக்கு நீண்ட நேரம் காத்திருக்கும் இணைப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வான்கதவு எச்சரிக்கையை உடனடியாக வாங்கக் காத்திருக்கும் லோங் போலிங் போன்றவற்றுக்கு.

இன்னொன்று. ட்ரொப் விதி பதிலைத்தான் விழுங்குகிறது. உங்கள் கோரிக்கை சேர்வரைச் சேர்ந்திருக்கும். நிரல் மறுமுறை அனுப்பும்போது அதே அளவீடு இரண்டாம் தடவை பதியும். களத்திலும் இதுவே நடக்கும். அளந்த நேரத்தையும் பெட்டி எண்ணையும் சேர்த்து ஒவ்வொரு அளவீட்டின் அடையாளமாக வைத்து, வந்ததே மறுபடி வந்தால் சேர்வர் தள்ளிவிடுமாறு செய்யுங்கள்.

அறிகுறி: டைம்அவுட் சொன்ன நேரத்தில் அடிக்கவில்லை

வாசிப்புக்குக் காத்திருக்கும் எல்லையான எஸ்ஓ_ஆர்சிவிடைமியோவை 10 செக்கன் போட்டீர்கள், எஸ்ட்ரேஸும் 0 காட்டுகிறது, ஆனாலும் பலனில்லை. பைதனில் செட்டைம்அவுட் அல்லது ரிக்வெஸ்ட்ஸின் டைம்அவுட் கொடுத்திருந்தால் அந்த சொக்கெட் உள்ளுக்குள் நொன்-பிளொக்கிங் (காத்திராமல் உடனே திரும்பும்) நிலைக்குப் போய்விடும். அங்கே காத்திருக்கும் வேலையைச் செய்வது "பொல்" என்ற வேறோர் அழைப்பு. ஆர்சிவிடைமியோ பிளொக்கிங் வாசிப்புக்கு மட்டுமே. பைதனில் அதை மறந்துவிட்டு நூலகத்தின் டைம்அவுட்டையே பயன்படுத்துங்கள். கொடுக்காமல் விட்டால் ரிக்வெஸ்ட்ஸ் முடிவில்லாமல் காத்திருக்கும்.

கொடுத்தாலும் அது மொத்த நேரமல்ல. ரீட் டைம்அவுட் 20 என்றால் ஒவ்வொரு வாசிப்புக்கும் 20. 19 செக்கனுக்கு ஒரு பைட் சொட்டும் இணைப்பு நாள்முழுக்க ஓடலாம். மொத்த எல்லை வேண்டுமென்றால் கேர்ளில் "--மக்ஸ்-டைம்", சிஸ்டம்டியில் சேவைக்கான நேர எல்லை.

இணைக்கும் நேரம் இரட்டிப்பாக வந்தால் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் எத்தனை முகவரி தருகிறதென்று பாருங்கள். பைதன் ஒன்றன்பின் ஒன்றாக முயலும், ஒவ்வொன்றுக்கும் முழு டைம்அவுட். ஐபிவி6 முகவரி கிடைத்து அந்த வழியில் பக்கெட்டுகள் சத்தமின்றித் தொலைந்தால் 5 செக்கன் 10 ஆகிவிடும். பெயரைத் தேடும் நேரம் இந்தக் கணக்கில் சேரவே சேராது. ரிசொல்வ்.கொன்ஃபில் வேறு சொல்லாவிட்டால் ஒரு கேள்விக்கு 5 செக்கன், இரண்டு முயற்சி.

கேர்ளோடு ஒப்பிடும்போது கவனம்: அதன் "--கனெக்ட்-டைம்அவுட்" பெயர் தேடுதல், டிசிபி, டிஎல்எஸ் மூன்றையும் அடக்கியது. 80இல் போதுமாயிருந்த 5 செக்கன், மழைநாளில் 443க்குப் போதாமல் போவது இதனால்தான். 443க்கு 15 வையுங்கள்.

அறிகுறி: பஃபர் அளவு கேட்டதுபோல் இல்லை

வந்த தரவு தங்கும் பஃபருக்கு எஸ்ஓ_ஆர்சிவிபஃப்பில் 65536 பைட் கேட்டீர்கள், திரும்ப வாசித்தால் 131072. பிழையில்லை, கேர்னல் தன் கணக்குவழக்குக்காக இரட்டிப்பாக்குகிறது. எவ்வளவு கேட்டாலும் 425984க்கு மேல் ஏறவில்லையா? உச்ச எல்லையான ஆர்மெம்_மக்ஸின் இயல்பு மதிப்பு பல கேர்னல்களில் 212992, அதன் இரட்டிப்பு அது. எஸ்ஓ_ஆர்சிவிபஃப்பைக் கையால் போட்ட கணத்திலிருந்து கேர்னல் தானாக அளவைக் கூட்டிக் குறைப்பதை நிறுத்திவிடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 65536 பைட் சாளரம், 200 மில்லிசெக்கன் பாதை என்றால் உச்ச வேகம் செக்கனுக்கு 2.6 மெகாபிட், இணைப்பு 30 தந்தாலும். இதைத் தொடாமல் விடுவதே நல்லது.

அறிகுறி: தரவு வந்திருக்கிறது, செலக்ட் இல்லை என்கிறது

443இல் மட்டும் வரும். செலக்ட் என்பது வாசிக்கத் தரவு இருக்கிறதா என்று கேர்னலிடம் கேட்கும் அழைப்பு. டிஎல்எஸ் ஒரு ரெக்கோர்டில் 16,384 பைட் வரை கட்டி அனுப்பும். நீங்கள் 1,024 வாசித்தால் நூலகம் முழு ரெக்கோர்டையும் சொக்கெட்டிலிருந்து எடுத்து அவிழ்த்து, மிச்சத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கேர்னலில் ஒன்றும் மிஞ்சாததால் செலக்ட் வெறும் கையைக் காட்டும். செலக்டுக்குப் போகும் முன் பெண்டிங் என்ற அழைப்பைக் கேளுங்கள். 0 வரும்வரை வாசியுங்கள். எட்டிப்பார்க்கும் எம்எஸ்ஜி_பீக் கொடியும் பைதனின் டிஎல்எஸ் சொக்கெட்டில் ஏற்கப்படாது, வல்யூஎரர் வரும்.

அறிகுறி: இரண்டு சிம் இருந்தும் ஒன்றே பயன்படுகிறது

ஒரு டவர் விழுந்தால் மற்றது கைகொடுக்கட்டும் என்று இரண்டு டொங்கிள் வைப்பது நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கம் நல்ல யோசனை. ஆனால் சோர்ஸ் முகவரியை பைண்ட் செய்தால் மட்டும் பக்கெட் அந்த டொங்கிளால் வெளியே போகாது. வழியைத் தீர்மானிப்பது ரவுட்டிங் அட்டவணை. சொக்கெட்டை ஓர் இன்டர்ஃபேஸோடு கட்டும் எஸ்ஓ_பைண்ட்டுடிவைஸ் போடுங்கள், அல்லது ஒவ்வொரு சோர்ஸ் முகவரிக்கும் "ஐபி ரூல்" மூலம் தனி அட்டவணை வையுங்கள். பைண்ட்டுடிவைஸுக்கு -1 ஈபெர்ம் (உரிமையில்லை) வந்தால் கேர்னல் 5.7க்கு முந்தியது; நிரலுக்கு கேப்_நெட்_ரோ உரிமை கொடுக்க வேண்டும்.

இரண்டு டொங்கிளும் ஒரே 192.168.8 வலையமைப்பைத் தந்தால் எந்த விதியும் பலிக்காது. ஒன்றின் அமைப்புப் பக்கத்தில் போய் 192.168.9 ஆக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

இதைச் சோதிக்கும்போது ட்ரொப் விதியை முதல் இன்டர்ஃபேஸுக்கு மட்டும், எல்லாப் போர்ட்டுக்கும் போடுங்கள்; எஸ்எஸ்எச்சை இரண்டாவதால் வைத்திருங்கள். 80, 443 இரண்டும் இரண்டாவது டொங்கிளுக்குக் கட்டப்பட்டிருந்தும் கோரிக்கை நின்றால் பெயர் தேடுதலைப் பாருங்கள். உங்கள் சொக்கெட்டில் போட்ட கட்டு டிஎன்எஸ் கேள்விக்குப் பொருந்தாது. அது இன்னமும் விழுந்த டொங்கிளால்தான் போய்க்கொண்டிருக்கும். சேர்வரின் பெயரையும் முகவரியையும் பெட்டியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி வைத்து மறுபடி ஓட்டுங்கள். முகவரியை நேரே கோரிக்கையில் எழுதவேண்டாம்: 80இல் ஓடும், 443இல் சான்றிதழின் பெயர் ஒத்துவராமல் மறுக்கப்படும்.